சுடாத கால்

மார்ச் 3, திங்கள்

சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் புது வருசத்துக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை ஒரு எழுத்துகூட விழவில்லை. மாவு மில் நடத்துகிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? இன்று கோபி டவுனுக்குச் சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போனேன். அங்கே கால் பார்ப்பதற்கென்றே எஸ்தர் என்று ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள். "ஐயா, தினமும் படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் நல்லாப் பாத்துட்டு, பாத்தத ஒரு நோட்டுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். உள்ளங்காலைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைக்க வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் காலுக்கு அலங்காரம்.

சோதனையும் நடந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு போல ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்டாள். தெரியுது, தெரியுது என்றேன். கண்ணைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தேன். மயிரிழை மாதிரி இருப்பதை எவனால் உணர முடியும்? ஃபேன் வேறு வேகமாகச் சுற்றியது. கடைசியில் கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள். மூடினேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்லீங்க ஐயா."

தொடப்போகிறாள் என்று தெரிந்தது. அதைத்தான் சொன்னேன்.

அவளுக்கு என் காலைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊர் ஓடைமேட்டில் வந்து கேட்டால் சொல்வார்கள். போன வருசம் எங்கள் மாரியம்மன் கோயில் குண்டத்தில் எல்லாரும் நெருப்பின்மேல் தடதடவென்று ஓடினார்கள். நான் ஒருவன்தான் வரப்பில் நடப்பது போல மெல்ல நடந்து வந்தேன். சுடவே இல்லை, பூவாட்டம் இருந்தது. ஆத்தாளின் அருள். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பூக்கால் சென்னியப்பன் என்று பேர்.

மார்ச் 4, செவ்வாய்

வலது கால்: இருக்கிறது. இடது கால்: இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

முந்தாநாள் எழுதியதைச் சரசமணி படித்துவிட்டாள். "காலு இருக்குதான்னு கேக்கலீங்க, காலு எப்படி இருக்குதுன்னு எழுதச் சொன்னாங்க" என்றாள். என் மனைவிக்கு அடுத்தவன் டைரியைப் படிக்கக் கூடாது என்பது தெரியாது.

சரி, எழுதுகிறேன். குதிகாலில் வெடிப்பு. சுண்டுவிரல் ஓரம் ஒரு காய்ப்பு. அதை பிளேடு வைத்துச் சீவலாம் என்று எடுத்தேன். சரசமணி பிளேடைப் பிடுங்கி இட்லிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். விரல் இடுக்கெல்லாம் ஈரம். துண்டால் துடைத்தேன்.

சாயங்காலம் செருப்பு வாங்கப் போனோம். காலையிலேயே போயிருக்கலாம். சாயங்காலம்தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அப்போது அளவு பார்த்தால்தான் பிறகு கடிக்காது என்று நர்ஸ் பெண் சொன்னாளாம். எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்று செய்தது, கறுப்பு, பின்னால் வார் வைத்தது. பார்க்க எருமைக் கன்று போல இருக்கிறது. ஆனால் பழைய ரப்பர் செருப்பில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. மற்றது போன வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற வழியில் எங்கோ கழன்றுவிட்டது. வீட்டு வாசலில் சரசமணி கேட்ட பிறகுதான் பார்த்தேன். ஏதோ யோசனையில் நடந்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கால் கழுவ வெந்நீர் வைத்தாள். நான் காலை விட்டுச் சுகமாக உட்கார்ந்திருந்தேன். சோப்பு எடுத்து வந்தவள் தண்ணீரில் முழங்கையை வைத்தாள், அய்யோ என்று கத்தி என் காலைத் தூக்கி வெளியே போட்டாள். பாதம் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது. அவளுக்கு எப்போதுமே தோல் மென்மை.

நகத்தை அவளே வெட்டிவிட்டாள். ஓரத்தை வளைத்து வெட்டக் கூடாதாம், நேராக வெட்ட வேண்டுமாம். குதிகாலுக்கு வாஸ்லின். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாதாம். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு கவனிப்பு கிடைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கோயிலில் பூச்சாட்டு, திருவிழா தொடங்கிவிட்டது. பதினைந்து நாள் கழித்து விடிகாலை குண்டம்.

விழாக்குழுத் தலைவர் குழந்தைவேலு என் மச்சான், சரசமணியின் அண்ணன். கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு மில்லுக்கு வந்தார். "மாப்ள, இந்த வருசம் பூசாரி எறங்குனதும் அடுத்த காலு உன்ற காலுதான். ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்துட்டேன். உம்படத்த ஆளுசரத்துக்கு வெக்கப்போறோம்" என்றார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு வார்த்தைதான். மச்சானுக்கும் சர்க்கரை உண்டு. ஜிலேபி முழுவதையும் அவரே தின்றார்.

எங்கள் ஊர் வழக்கம், காப்புக் கட்டிவிட்டால் குண்டம் முடியும்வரை செருப்புப் போடக் கூடாது. வருகிற செவ்வாய் காப்பு. எருமைக் கன்றுகளுக்கு ஓய்வு.

ராத்திரி சரசமணி தட்டை வேகமாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசத்தில் உப்பும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

என்னைக் கேட்காமல் சரசமணி நர்ஸ் பெண்ணுக்கு போன் போட்டு என் காதில் வைத்துவிட்டாள். வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று சொன்னாள் அந்தப் பெண். இது ஆத்தா சமாச்சாரம், உனக்குப் புரியாது என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"உங்க ஆத்தாகிட்ட நான் சண்டைக்கு வர மாட்டேங்க ஐயா. அவங்க குடுத்த காலத்தான் நான் பாத்துக்கச் சொல்றேன். போன வருசம் குண்டம் எறங்குனப்புறம் காலுல கொப்புளம் வந்துச்சா?"

இரண்டு வந்தது. ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. அது தார் ரோட்டு வெயிலில் வந்தது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். குண்டம் முடிந்த அன்று நான் எந்தத் தார் ரோட்டில் நடந்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 15, சனி

திருவிழா நேரம், மில்லில் கூட்டம். காலை முழுக்க மிளகாய். அரைத்த தூள் தரையெல்லாம் படிந்து, வந்த பெண்கள் எல்லாம் தும்மினார்கள். குதிகால் வெடிப்பில் பட்டு எரிகிறது என்று சரசமணி இரண்டு தடவை காலைக் கழுவினாள். என் வெடிப்பு அவளுடையதைவிடப் பெரியது. எனக்கு எரியவில்லை. பெருமையாகச் சொன்னேன். அவள் என் காலையும் இழுத்து வைத்துக் கழுவினாள்.

மார்ச் 18, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. ஃப்ளெக்ஸும் வந்துவிட்டது. நாளை கம்பத்தில் ஏற்றும்வரை மில் வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்கள். படத்தில் என் முகம் சிறியது, கால் பெரியது. கால் விரலைச் சுற்றி ஒளிவட்டம் போட்டிருக்கிறார்கள். காய்ப்புகூடத் தெரிகிறது.

ஏற்றுகிற ஆட்கள் சட்டத்தைக் கழற்றி மறுபடி அடித்தார்கள். வாசலெல்லாம் மரத்தூளும் சிறு ஆணியும். நான்தான் கூட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நான் எழுதாவிட்டால் சரசமணி எழுதிவிடுவாள்.

காலையிலிருந்து பச்சரிசி. அரிசி மாவு அரைக்கிற நாளில் மில் தரை வெள்ளையாகிவிடும். என் காலும் வெள்ளை. மில்லிலிருந்து வீட்டு அடுப்படிவரை நடந்தால் சிமெண்ட் தரையில் கோகுலாஷ்டமிக்குப் போட்டது போலக் காலடி விழும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி மில்லுக்கு வந்து ராகி போட்டுக்கொண்டிருந்தேன். சரசமணி தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு காலடியாக, வீட்டிலிருந்து மில்லுக்கு வந்தாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"மிசின நிறுத்துங்க."

"கூட்டம் நிக்குது சரசு."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

நிறுத்தினேன். அவள் காட்டிய பிறகுதான் பார்த்தேன். தரையில் என் இடது காலடிகள் எல்லாம் வெறும் வெள்ளை. வலது காலடிகளில், ஒவ்வொன்றிலும், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. வீட்டு வாசல்வரை வரிசையாக.

மூட்டைமேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கினாள். உள்ளங்காலில் ஒரு சின்ன ஆணி, தலைவரை உள்ளே போயிருந்தது. ஃப்ளெக்ஸ் சட்டத்து ஆணி. என் படத்தை அடித்த ஆணி. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. காலையில் ஏறியிருக்கலாம். நேற்றேகூட ஏறியிருக்கலாம். நேற்று நான் கண்ணாடியில் கால் பார்க்கவில்லை. காப்புக் கட்டியவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவள் அதைப் பிடுங்கினாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆணியை என் உள்ளங்கையில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"ஏனுங்க, இதுவும் பூவாட்டந்தான் இருந்துதுங்களா?"

ராகி கொண்டுவந்த பெண்கள் எட்டி என் காலைப் பார்த்தார்கள். நான் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 

மார்ச் 21, வெள்ளி

கோபிக்குப் போனோம். ஊசி போட்டார்கள். காயம் ஆழமில்லை, எலும்புக்குப் போகவில்லை, நல்ல வேளை என்றார் டாக்டர். கட்டுப் போட்டது எஸ்தர் சிஸ்டர். இனிமேல் அவரை நர்ஸ் பெண் என்று எழுதமாட்டேன்.

நானே கேட்டேன். "சிஸ்டர், அந்த நரம்ப எடுங்க. இந்தத் தடவ நெசமாவே கண்ண மூடிக்கிறேன்."

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். கணுக்காலில் ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றார்.

எனக்கு இதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. என் காலில் எனக்குத் தெரியாமல் என்னென்னவோ நடக்கலாம், நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே நடந்து போவேன். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. ஊர் முழுக்க அருள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது சர்க்கரையை. டாக்டர் ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சரசமணி முந்தானையைக் கொடுத்தாள், மாவு அப்பியிருந்தது, முகமெல்லாம் வெள்ளையாயிற்று. அதைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

"போன உணர்ச்சி திரும்பி வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் சிஸ்டர். "காலு உங்களோடவே இருக்கும், பயப்படாதீங்க. தோலு பாக்க வேண்டிய வேலைய இனிமே கண்ணு பாக்கணும். அவ்வளவுதான். செருப்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தட்டுத் தட்டிக் கவுத்துப் பாருங்க. தேளு இருந்தாலும் உங்க காலு சொல்லாது."

வீட்டுக்கு வந்தால் மச்சான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டைப் பார்த்தும் அவருக்கு ஃப்ளெக்ஸ்தான் கவலை. "காப்புக் கட்டீட்டு எறங்கலீன்னா ஊரு என்ன பேசும் மாப்ள? ஆத்தா உத்தரவு குடுத்தா மட்டுந்தான் நிக்கலாம். ஞாயித்துக்கெழம பூக்கேட்டுப் பாத்துரலாம்" என்றார்.

பூக்கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் இறங்கு, வெள்ளை வந்தால் நில். ஆத்தா சொல்வதை யாரும் மறுக்க முடியாது.

 சிவப்பு வந்தால்?

மார்ச் 23, ஞாயிறு

காலையில் கொல்லையில் எங்கள் வெள்ளை அரளிச் செடி மொட்டையாக நின்றது. ஒரு பூ இல்லை. "ஆடு தின்னுபோட்டுதுங்க" என்றாள் சரசமணி.

கோயிலில் பூசாரி காளியண்ணன் பொட்டலம் இரண்டையும் கட்டி வைத்திருந்தார். மச்சான், விழாக்குழு, ஊர் முழுக்க நின்றது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். காளியண்ணன் என் கையிலிருந்து காப்பை அவிழ்த்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அது சர்க்கரையால் அல்ல.

ஆசையாக மற்றப் பொட்டலத்தையும் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். காளியண்ணன் அதை வெடுக்கென்று எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அதுதான் வழக்கம் என்றார். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிறேன். அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதில்லை. சரசமணி கோபுரத்துப் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

காளியண்ணன் மஞ்சள் அரைக்க மில்லுக்கு வந்தார். போகிற போக்கில், "கவலப்படாதீங்க. எனக்கும் வருசா வருசம் சில்லுன்னுதான் இருக்குது. ஆத்தா நம்ம ரெண்டு பேரு காலையும் பாத்துக்குவா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். நாளைக் கழித்து முதலில் இறங்கப்போகிறவர். இப்போது நான் உள்ளதைச் சொன்னால் பூக்கால் என்ற பேர் போகும். சொல்லாவிட்டால் அவருடைய கால் போகும். ஆத்தா உத்தரவு என்று கௌரவமாக ஒதுங்கியவன் அப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தேன். அந்த ஒரு நிமிசத்தையும் எழுதிவைக்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூட்டைமேல் உட்காரவைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, பிளாஸ்டிக் விளக்குமாற்றிலிருந்து ஒரு நரம்பை உருவி அவர் உள்ளங்காலில் மெல்லத் தொட்டேன்.

மனிதர் துள்ளி எழுந்து மஞ்சள் சாக்கின்மேல் விழுந்தார். "கூசுதுங்க! அய்யோ, விடுங்க!" சுண்டுவிரலில் தொட்டாலும் கூச்சம், குதிகாலில் தொட்டாலும் கூச்சம். கால் அவ்வளவு உசிராக இருக்கிறது.

"அப்புறம் எப்படீங்க சில்லுன்னு இருக்கும்?" என்றேன்.

அவர் துண்டை அவிழ்த்தார். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "சுடுதுன்னு ஒரு பூசாரி எப்படீங்க சொல்றது? ஒவ்வொரு வருசமும் உசுரு போயிட்டு வருது. குண்டத்துக்கு முந்துன நாளு தண்ணிகூட எறங்காது எனக்கு. இத ஊட்டுலகூடச் சொன்னதில்லீங்க."

உடம்பெல்லாம் மஞ்சளாக நின்ற அந்த மனிதரைப் பார்த்தேன். என்னைவிட எவ்வளவு பெரிய ஆள்! நான் சுடாத நெருப்பில் நடந்தேன். இவர் சுடும் என்று தெரிந்து, தெரிந்து, ஒவ்வொரு வருசமும் இறங்குகிறார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். டைரியில் எழுதுவது சொல்வதாகாது. சரசமணி, இதைப் படித்தால் நீயும் சொல்லாதே.

மார்ச் 26, புதன்

விடிகாலை குண்டம். கோயில் எல்லைக்கு வெளியே, விழாக்குழுப் பந்தலில், சாக்ஸும் எருமைக் கன்றுகளும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் இடத்தில் மச்சானே இறங்குவதாக மஞ்சள் வேட்டியோடு வரிசையில் இரண்டாவதாக நின்றார். பூக்காலுக்கு ஆத்தா ஓய்வு கொடுத்துவிட்டாள் என்று மைக்கில் அறிவித்தார்கள். கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. மைக்கை வாங்கினேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று.

"போன வருசம் எனக்குச் சுடலீங்க. அது அருளு இல்ல, சக்கர. காலுல ஆணி ஏறுனதுகூட எனக்குத் தெரியல. நெருப்பு சுடும்னு தெரிஞ்சு எறங்கறவங்கதான் ஆத்தாளுக்கு நடக்கறவங்க. அவங்க எறங்குங்க. சக்கரயால காலு மரத்துப்போனவங்க தயவுசெஞ்சு நின்னு கும்புடுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

 தப்புப் பறை அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். போச்சு, பேர் போச்சு என்று நினைத்தேன். அப்போது வரிசையிலிருந்து ஒருவர் விலகினார். குழந்தைவேலு மச்சான். நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "ரெண்டு மாசமா எனக்கும் செருப்பு கழண்டா தெரியறதில்ல."

நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அப்புறம் ஒரு அம்மாள் விலகினார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். தப்பு மறுபடி முழங்கியது. காளியண்ணன் ஆத்தாளைக் கும்பிட்டு இறங்கினார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அவருக்குச் சுடும் என்று இந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கண் நிறைந்துவிட்டது.

ஏறி வந்தவர்களை என் நாற்காலி பக்கம் வரச் சொல்லி, கண்ணாடியைக் கீழே வைத்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்தேன். காளியண்ணன் குதிகாலில் ஒரு கொப்புளம். உடைக்காமல் டாக்டரிடம் போங்கள் என்றேன். "சில்லுன்னு இருக்குது" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திரும்பி வரும்போது கொல்லையில் அரளி மறுபடி மொட்டு விட்டிருந்தது. "சரசு, இந்தத் தடவ ஆட்டக் கட்டி வெய்யி" என்றேன்.

"நம்மகிட்ட ஏதுங்க ஆடு?" என்றாள்.

"அதுதான் நானும் யோசிச்சேன். அரளிய எந்த ஆடு தின்னும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

மார்ச் 28, வெள்ளி

மச்சானைக் கோபிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் வழி நெடுகத் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். எஸ்தர் சிஸ்டர் கண்ணை மூடச் சொன்னார்.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"இப்ப?"

"நல்லாத் தெரியுதுங்க சிஸ்டர்!"

சிஸ்டர் கையைத் தன் மடியில் வைத்திருந்தார். நரம்பு மேசைமேல் இருந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

வருகிற வழியில் மச்சானுக்கும் ஒரு ஜோடி எருமைக் கன்று வாங்கினோம். சாயங்காலம்வரை காத்திருந்துதான் வாங்கினோம்.

வலது கால்: ஆணிக் காயம் உலர்கிறது, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. இடது கால்: வெடிப்பு குறைந்திருக்கிறது.

மச்சான் கால்: இரண்டும் இருக்கின்றன.